பிலோமினா சொல்லாமல் வைத்திருந்தது

அன்ரனின் அழைப்பு வந்தபோது நான் கடையில் ஒருவருடைய அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். "சாந்தியக்கா, அக்கா மோசம் போட்டா" என்றார். காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு, செருப்புக் கொழுவுவதற்காகக் கதிரையில் இருந்தவள் பிறகு எழும்பவே இல்லையாம். நான் "சரி அன்ரன்" என்றேன். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்று யாராவது சொன்னால் சொல்கிற அதே "சரி". அட்டையைப் புரட்டி வைத்துப் பின்பக்கத்தையும் எடுத்தேன். மூன்று கொப்பி கேட்ட மனிதருக்கு ஐந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, தெரிஞ்ச ஆள் ஒராள் செத்துப்போனா" என்றேன். தெரிந்த ஆள். வாயில் வந்தது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி அன்ரன் கேட்டார். பிலோமினாவின் ஒரே தம்பி அவர். நானும் அவளும் ஐந்து வருடமாகக் கதைக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். "அதாலை என்ன அக்கா, அவவோடை வீடு வீடாய்த் திரிஞ்சது நீங்கள்தானே" என்றார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வராமலே எழுத உட்கார்ந்தேன். அவளை அறிந்த உங்களுக்கு அவள் நல்லவள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால், அவளைப் பற்றி உங்களில் பலரிடம் நான் ஒரு சொல் சொல்லித் திரிந்தேன். அவள் கல்நெஞ்சக்காரி என்று சொன்னேன். அதைத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கங்கள்.

குருநகரில் பிறந்தவள். தகப்பன் கடலுக்குப் போனவர். கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "கேள்வி கேக்கிறது என்ரை வேலை, உன்ரை வேலை இல்லை" என்பாள். நகரத்தில் ஒரு சிறிய ஆய்வுக் கந்தோரில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். பெண்களின் உடல்நலம், வீட்டுச் சூழல், மனக்கவலை என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு ஆய்வு இருக்கும். பட்டியலில் சீட்டு விழுந்த வீடுகளுக்குப் போய்ப் படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது எங்கள் வேலை. அவளுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி இருந்தது. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் படிவங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பேன். குழியைக் கண்டு பிரேக் பிடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே நான் ஒரு பிழை விட்டேன். என்னை என்னுடைய சொந்த ஊரான நீர்வேலிக்கே அனுப்பிவிட்டார்கள். எங்களுடைய ஊர்களில் வீட்டுப் படலையைத் திறந்தால் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும்: "நீர் ஆற்றை பிள்ளை?" நானும் பெருமையாகத் தகப்பன் பெயரைச் சொன்னேன். ஐந்து நிமிடத்துக்குள் அந்த மனிசி என் பெரியம்மாவின் மச்சாளுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று கண்டுபிடித்தாயிற்று. தேத்தண்ணி வந்தது. படிவத்தில் நாற்பது கேள்வி. நாற்பதுக்கும் "அப்பிடி ஒண்டும் இல்லைப் பிள்ளை, சந்தோசமாய் இருக்கிறம்" என்றே பதில் வந்தது. வெளிக்கிடும்போது ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்து அனுப்பினார். நான் கந்தோருக்கு வந்து, நல்ல ஒத்துழைப்பு என்று புளுகினேன். பிலோமினா படிவத்தை ஒருமுறை பார்த்தாள், பழத்தை ஒருமுறை பார்த்தாள். "உதிலை உந்தச் சீப்பு மட்டுந்தான் உண்மை" என்று சொல்லிப் படிவத்தின் குறுக்கே கோடு போட்டாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

"எடி, சொந்தக்காரருக்கு ஆரடி உண்மை சொல்லுறது?" என்றாள் பழத்தை உரித்துக்கொண்டே. "முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்லலாம். சொல்லிப்போட்டு மறக்கலாம். உனக்குச் சொன்னால் அது அடுத்த கலியாண வீட்டிலை பந்திக்கு வந்திடும்." அதற்குப் பிறகு அவள் தன்னை எல்லாருக்கும் தெரிந்த குருநகர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்குப் போகமாட்டாள், நான் நீர்வேலிப் பக்கம் போகமாட்டேன் என்று நாங்களே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். எங்கள் இருவரையும் எவருக்கும் தெரியாத ஊர்கள் என்றால் சேர்ந்து போவோம்.

வடமராட்சிக் கரையில் ஒரு வீடு. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த மனிதர் எங்களைப் படலையிலேயே மறித்தார். "உது எங்கை போய்ச் சேரும் பிள்ளையள்?" என்றார். எங்களுடைய சனத்துக்குப் படிவம் என்றால் பயம். எத்தனை தரம் எத்தனை பேர் வந்து வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், அதில் எத்தனை தரம் நல்லது நடந்தது? நான் உடனே கந்தோரின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பிலோமினா அதைத் தட்டிவிட்டு, "அண்ணை, பேர் எழுதமாட்டம், நம்பர் மட்டுந்தான். ஒருத்தருக்கும் போகாது. ஆனால் நான் சொன்னாப்போலை நீங்கள் நம்ப வேணுமெண்டு சட்டம் இல்லை. நம்பாட்டில் சொல்லாதேங்கோ. நாங்கள் கோவிக்கமாட்டம்" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இண்டைக்கு வேண்டாம்" என்றார். "சரி அண்ணை" என்று திரும்பிவிட்டாள். எனக்கு வெயிலில் அவ்வளவு தூரம் வந்தது எரிச்சலாக இருந்தது. வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் போனபோது அவர் மனைவியைக் கூப்பிட்டு, "உள்ளுக்குப் போய் இருந்து கதையுங்கோ, நான் வெளியிலை நிக்கிறன்" என்று தானாகவே எழும்பிப் போனார்.

எல்லா வீட்டிலும் அப்படி எழும்பிப் போகமாட்டார்கள். மருமகளிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகளை மாமியார் கதவு நிலையில் சாய்ந்து நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். போங்கோ என்று சொல்ல முடியாது. அதற்குப் பிலோமினா ஒரு வழி கண்டுபிடித்தாள். தானே கையால் எழுதி, ஒரு இரண்டாவது படிவம் தயாரித்தாள். நாங்கள் அதை "மாமிப் படிவம்" என்போம். ஒடியல் கூழுக்கு என்னென்ன போடுவீர்கள், பிள்ளை பெற்றவளுக்கு எந்த மருந்துச் சரக்கு எத்தனை நாள் கொடுக்க வேண்டும், முந்திய காலத்தில் கலியாணம் எத்தனை நாள் நடந்தது என்று இருபது கேள்வி. நான் மாமியைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அதை நிரப்ப வேண்டும். அதற்குள் அவள் முன் அறையில் மருமகளிடம் தன் வேலையை முடிப்பாள். ஒரு வீட்டில் கூழைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மாமி நடுவில் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பற்றி ஒரு விசயம் சொன்னார். சிரிக்கிற மாதிரியான விசயம்தான். திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னால் இருந்து அதைப் பிலோமினாவுக்குப் பகிடியாகச் சொல்லத் தொடங்கினேன்.

அவள் நடுவீதியில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹோன் அடித்து ஏசிவிட்டுப் போனான். "இறங்கு" என்றாள். நான் இறங்கினேன். "அந்த மனிசி ஊருக்குச் சொன்னதோ, உனக்குச் சொன்னதோ?"

"எடி, அது பொய்ப் படிவமடி. மனிசியை அங்கால கொண்டுபோக எழுதினது. ஆர் அதைக் கணக்கிலை எடுக்கிறது?"

"அது பொய்யெண்டு எனக்கும் உனக்குந்தான் தெரியும். அவவுக்குத் தெரியாது. அவ நம்பித்தானே சொன்னவ" என்றாள். அன்று அந்தத் தாளையும் வாங்கி மற்றவற்றோடு சேர்த்துப் பூட்டினாள். அந்த மாமி என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அகப்பையோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வதனி என்னைவிட ஆறு வயது இளையவள். உடுவிலில் கலியாணம் கட்டிக்கொடுத்தோம். அந்தக் கலியாணம் அவளுக்குச் சரியாக அமையவில்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது, தொலைபேசியில் கதைத்தால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டே கதைத்தாள் என்பது மட்டும். "என்ன, சுகமாய் இருக்கிறியோ?" என்றால், "ஓம் அக்கா, நல்ல சுகம்" என்பாள். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். நேரில் போய்க் கேட்டேன். அழுது கேட்டேன், ஏசிக் கேட்டேன். ஒரு சொல் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் தங்கச்சியின் வாயைத் திறக்க ஒரு திறப்பும் இருக்கவில்லை.

அந்த வருட ஆய்வில் உடுவிலில் பதினொரு வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. அதில் ஒன்று வதனியின் வீடு. நான் போக முடியாது, பிலோமினா போனாள். போவதற்கு முன் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் திரும்பி வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் படிவத்தில், வீட்டுக்குள் உங்களுக்குப் பயம் உண்டா, யாராவது கை நீட்டியதுண்டா என்ற கேள்விகள் இருந்தன. முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்லலாம் என்று பிலோமினாதானே சொன்னாள்? பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் வைத்து மெதுவாகக் கேட்டேன்.

"வதனி என்ன சொன்னவள்?"

அவள் கோப்பையை வைத்தாள். "ஆர் வதனி?"

"விசர்க்கதை கதையாதை. என்ரை தங்கச்சி."

"எனக்கு உன்ரை தங்கச்சியைத் தெரியும். போன பெருநாளுக்கு உன்னட்டை எனக்கு முறுக்குக் குடுத்துவிட்டவள், இண்டைக்கு வரைக்கும் முகம் கண்டதில்லை. இண்டைக்கு நான் போனது நம்பருக்கு. நம்பருக்குத் தங்கச்சியும் இல்லை, அக்காவும் இல்லை."

"பிலோ, என்னைப் பார். கெஞ்சிக் கேக்கிறன்."

"கேளாதை சாந்தி. நீ கேட்டால் நான் சொல்லாமல் இருக்க வேணும். எனக்கு அது கஷ்டம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதை நான் அன்று கவனித்தேன். பிறகு வசதியாக மறந்துவிட்டேன்.

எங்களுடைய ஒழுங்கு இப்படி: நிரப்பிய படிவங்கள் கந்தோர் அலுமாரிக்குள் இருக்கும். அவற்றில் நம்பர் மட்டுமே இருக்கும். எந்த நம்பர் எந்த வீடு என்ற பட்டியல் பிலோமினாவின் கைப்பையில் ஒரு கொப்பியில் இருக்கும். இரண்டும் ஒருநாளும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் அலுமாரியைத் திறந்தேன். திறப்பு எந்த மேசை லாச்சிக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உடுவில் கட்டை எடுத்துப் பதினொன்றையும் மேசையில் பரப்பினேன். மூன்றில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று இருந்தது. அவற்றைத் தள்ளி வைத்தேன். மிச்சம் எட்டையும் வாசித்தேன். எட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லியிருந்தார்கள். எட்டும் என் தங்கச்சியாக இருக்கலாம் போல இருந்தது. தலை நிமிர்ந்தபோது பிலோமினா சாப்பாட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. பெட்டியை வைத்துவிட்டு வந்து, படிவங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பின்னேரம் நாலு மணி வரைக்கும் பாத்திருப்பன். நீயே போய்ப் பணிப்பாளரிட்டைச் சொல்லு. சொல்லாட்டில் நான் சொல்லுவன்" என்றாள். மூன்று மணிக்கு நானே போய்ச் சொன்னேன். பணிப்பாளர் பயந்த மனிதர். "சரி, நடந்தது நடந்து போச்சு. வெளியிலை ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிலோமினா அந்தக் கதையை ஏற்கவில்லை. "அந்தச் சனத்துக்குத் தெரிய வேணும் சேர். அவையின்ரை பதில்" என்றாள்.

அடுத்த நாள் ஸ்கூட்டியில் தனியே உடுவிலுக்குப் போனாள். பதினொரு வீட்டுக்கும் போய்ப் படலையைத் தட்டி, ஆள் தனியாக வரும்வரை காத்திருந்து, உங்கள் படிவம் இருந்த அலுமாரியைத் திறக்கக்கூடாத ஒருவர் திறந்துவிட்டார், இந்தப் படிவம் வேண்டாம் என்றால் உங்கள் கண் முன்னாலேயே கிழிக்கிறேன் என்று சொன்னாள். இரண்டு நாள் எடுத்தது. ஏழு பேர் கிழிக்கச் சொன்னார்கள். உடுவில் பகுதி முழுதும் ஆய்விலிருந்து விழுந்தது. பணிப்பாளர் அவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. திறந்தது யார் என்று ஒரு வீட்டிலும் அவள் சொல்லவில்லை. அந்தக் கிழமையே நான் வேலையை விட்டேன். அவள் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை வதனி தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிப் போகமாட்டேன் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவே தெரிந்தது. அன்று பின்னேரமே நான் குருநகருக்குப் போனேன். பிலோமினா வீட்டு முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வா. கதிரையை இழுத்துப்போட்டு இரு" என்றாள்.

"நான் இருக்க வரேல்லை. வதனி வீட்டை வந்திட்டாள். உனக்கு எல்லாம் தெரியும் என்ன? ரெண்டு வருசத்துக்கு முந்தியே தெரியும். அண்டைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்."

அவள் அடுத்த மீனை எடுத்துக் கத்தியால் செதிளைச் சீவினாள்.

"சரி, என்ன சொன்னவள் எண்டு சொல்ல வேண்டாம். சொன்னவளோ, சொல்லேல்லையோ? அதையாவது சொல்லித் துலையன்!"

கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அதையும் கேளாதை" என்றாள்.

"நீயெல்லாம் ஒரு மனிசியோடி? கல்லு! உனக்குச் சனம் இல்லை, நம்பர்தான்" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அயல் வீடுகளில் யன்னல்கள் திறந்தன. அவள் கையைக் கழுவிக்கொண்டு படலை வரைக்கும் வந்தாள். "கோவிக்கிறதெண்டால் கோவி. நான் உன்னோடை கோவமில்லை" என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகக் கதைத்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம். சந்தையில் கண்டால் நான் மற்றப் பக்கம் திரும்புவேன். ஒருமுறை பஸ்ஸில் நான் நிற்பதைக் கண்டு தன் இருக்கையை விட்டு எழும்பினாள். நான் இருக்கவில்லை. இரண்டு பேரும் யாழ்ப்பாணம் வரைக்கும் அந்த வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனோம். அந்த ஐந்து வருடமும் அவள் பெயரை யார் எடுத்தாலும் கல்நெஞ்சக்காரி என்றேன். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

செத்த வீட்டுக்கு நான் போவதா விடுவதா என்று தெரியாமல் நின்றபோது வதனி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நீ ஏன்?" என்றேன். "நான் போக வேணும்" என்றாள். வேதக்கோயிலில் இடம் இல்லாமல் சனம் வெளியில் நின்றது. குருநகர்ச் சனத்தை எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் பின் வரிசைகளில் ஒருவரையொருவர் தெரியாத பெண்கள் பலர் தனித்தனியாக இருந்தார்கள். திருநீறு பூசிய நெற்றிகளும் இருந்தன. பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் அவர்களில் ஒருத்தியிடம், "நீங்கள் எந்த ஊர்? பிலோமினாவை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். "தெரியும்" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். சேமக்காலையில் மண் போட்டார்கள், நானும் ஒரு பிடி போட்டேன். கை போட்டது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் வதனி யன்னல் பக்கம் இருந்தாள். பஸ் கோப்பாயைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "அக்கா, நான் அவவுக்கு ஒண்டுமே சொல்லேல்லை" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"சேர்வேக்கு வந்தாவே, அப்ப. எல்லாத்துக்கும் இல்லை, இல்லை எண்டு சொன்னனான். அவ என்ரை கையைப் பாத்தவ. பாத்திட்டும் இல்லை எண்டுதான் எழுதினவ. என்ரை பதிலை அவ மாத்தேல்லை."

நான் தள்ளி வைத்த மூன்றில் ஒன்று அவளுடையது. "ஏனடி? முன்பின் தெரியாத ஆள்தானே. சொல்லியிருக்கலாமே?"

"நீ அங்கை வேலை செய்தனி. சொன்னால் நீ எடுத்து வாசிப்பாய் எண்டு பயந்தனான்" என்றாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. "நீ வாசிச்சால் அண்டைக்கே வந்து சண்டை பிடிப்பாய். பிடிச்சுப்போட்டு நீ நீர்வேலிக்குப் போயிடுவாய். நான் அந்த வீட்டிலைதானே படுத்தெழும்ப வேணும்? பிறகு அவ திரும்பவும் வந்து, ஆரோ அலுமாரியைத் திறந்திட்டினம் எண்டு சொன்னா. ஆரெண்டு கேட்டன், சொல்லேல்லை. நான் கண்டுபிடிச்சிட்டன். கிழிக்கச் சொன்னன், கிழிச்சவ."

பஸ் நீர்வேலிச் சந்தியில் நின்றது. நாங்கள் இறங்கவில்லை. கொண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு மணியை அடித்தான்.

பிலோமினா ஒவ்வொரு வீட்டிலும் எழும்பும்போது ஒரு சின்னத் துண்டு கொடுப்பாள். வீட்டுக்குள் அடிபடும் பெண்கள் அழைக்கக்கூடிய தொலைபேசி நம்பர் ஒன்று அதில் இருக்கும். சந்தோசமான வீட்டுக்கும் கொடுப்பாள், தனியே இருக்கும் கிழவிக்கும் கொடுப்பாள். இந்தக் கிழவிக்கு ஏன் என்று நான் கேலி செய்தால், "எல்லாருக்கும் குடுத்தால்தான் ஒருத்திக்குக் குடுக்கலாம்" என்பாள். வதனிக்கும் கொடுத்திருக்கிறாள். வதனி அதை இரண்டு வருடம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்திருக்கிறாள். ஒருநாள் எடுத்து அந்த நம்பரை அழைத்த பிறகுதான் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எப்படி வெளிக்கிட்டு வந்தாய் என்று அன்று பஸ்ஸில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். என் அழுகைக்கும் ஏச்சுக்கும் திறக்காத கதவு அது.

பிலோ, அன்று நான் முற்றத்தில் நின்று கத்தியபோது, "உன்ரை தங்கச்சி எனக்கு ஒண்டும் சொல்லேல்லையடி" என்று நீ ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் வாயடைத்துத் திரும்பியிருப்பேன். ஊருக்கு முன் உனக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. நான் உன் வீட்டு மீன் குழம்பைத் திரும்பவும் சாப்பிட்டிருப்பேன். சொல்லவில்லை என்பதும் அவள் உன்னை நம்பித் தந்ததுதான் என்று வைத்துக்கொண்டாய். என் தங்கச்சி எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தால், அவள் என்னை நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிடும். அதையும் யோசித்தாயோ என்னவோ. இனிக் கேட்க முடியாது. கேட்டாலும் சொல்லமாட்டாய்.

இதை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்காமல் முதலில் வதனியிடம் கொடுத்தேன். அவள் பேனையோடு இருந்து ஒரு பின்னேரம் முழுக்க வாசித்தாள். தன்னைப் பற்றிய இரண்டு இடங்களை வெட்டினாள். மற்றதெல்லாம் இருக்கட்டும், பிலோ அக்காவைப் பற்றிச் சனத்துக்குத் தெரிய வேணும் என்றாள். வெட்டிய இடங்களை நான் வேறு தாளில் எழுதி வைக்கவில்லை. பிலோமினாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். அதுவும் ஐந்து வருடம் பிந்தி வந்தது.

தாள்களை வாங்க வந்த அன்ரன், வெட்டுக்களைக் கண்டு, "இதிலை என்ன அக்கா இருந்தது?" என்று கேட்டார்.

"அதைக் கேளாதேங்கோ அன்ரன்" என்றேன்.